திசை தவறும் கட்டங்கள்!

ஒரு சுவரைத் தாண்டி எவ்வளவு கதிர்வீச்சு வெளியே வரும் என்பதை, அந்தச் சுவரைக் கட்டுவதற்கு முன்பே அறிந்தாக வேண்டும். கட்டி முடித்து, கருவியை இயக்கி, அளந்து பார்த்த பிறகு 'இன்னும் அரை மீட்டர் கான்கிரீட் வைத்திருக்கலாம்' என்று வருந்துவதில் பயனில்லை. அணு உலை, துகள் முடுக்கி, புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சை மையம் என இவற்றை வடிவமைப்போர் அனைவருக்கும் பொதுவான சிக்கல் இது. துகள்களின் பயணத்தைக் கணினிக்குள் நிகழ்த்திக் காட்டும் சிமுலேஷன் மென்பொருள்கள்தாம் இதற்கு விடை தருகின்றன.

அந்த விடை பெரும்பாலும் ஒரு வண்ணப்படமாக வருகிறது. சிவப்பாக இருக்கும் இடத்தில் கதிர்வீச்சு மிகுதி. நீலமாக இருக்கும் இடத்தில் குறைவு. அந்தப் படத்தை நம்பியே சுவரின் கனம் முடிவாகிறது. மின்னணுக் கருவிகளை எங்கே வைப்பது, பணியாளர் எதுவரை செல்லலாம் என்பனவும் முடிவாகின்றன. படத்தில் உள்ள எண்கள் எல்லாம் முறையாகக் கணக்கிடப்பட்டு, அந்த எண்கள் குறிக்கும் இடம் மட்டும் திசை தவறியிருந்தால் என்ன ஆகும்? இம்மென்பொருள்களைப் பயன்படுத்துவோர் அடிக்கடி இடறி விழும் இடம் அது. இடறியது தெரியாமலே நடந்து செல்வோரும் உண்டு.

பொருளியல் கற்பித்தவனுக்கு இதில் என்ன அக்கறை என்று வாசகர் கேட்கலாம். இவற்றின் அடித்தளமான மான்டி கார்லோ முறை இயற்பியலாளர்களுக்கு மட்டும் உரிய சொத்து அன்று. 1946-இல் நோயிலிருந்து தேறிவந்துகொண்டிருந்த கணிதவியலாளர் ஸ்டானிஸ்லாவ் உலாம், தனியாளாக ஆடும் சீட்டாட்டம் ஒன்று வெற்றியில் முடிவதற்கான வாய்ப்பைக் கணக்கிட முயன்றார். சூத்திரத்தைத் தேடுவதைவிட, பலமுறை ஆடிப் பார்த்து எண்ணிக்கொள்வதே எளிது என்று அவருக்குத் தோன்றியது. அவரும் ஜான் வான் நாய்மனும் அந்த எண்ணத்தை நியூட்ரான்களின் பயணத்துக்குப் பொருத்தினர். நிக்கோலஸ் மெட்ரோபோலிஸும் உலாமும் 1949-இல் இம்முறையை விளக்கி எழுதிய கட்டுரை வெளிவந்தது, அமெரிக்கப் புள்ளியியல் சங்கத்தின் ஆய்விதழில்தான். பின்னாளில் முதலீட்டு இடர், ஓய்வூதிய நிதி போன்றவற்றைக் கணிக்கப் பொருளியலாளர்களும் அதைக் கைக்கொண்டோம். ஆகவே, அம்முறையின் வலிமையும், அது சில வேளை தரும் பொய்யான துணிச்சலும் எங்களுக்கும் பழக்கமானவையே.

மென்பொருள் செய்வது இதுதான். ஒரு துகளை ஏவுகிறது. அது எவ்வளவு தொலைவு மோதாமல் செல்லும், மோதினால் எத்திசையில் சிதறும், எவ்வளவு ஆற்றலை இழக்கும், புதிதாக எத்தனை துகள்கள் பிறக்கும் என்பவற்றை, அறியப்பட்ட நிகழ்தகவுகளின்படி பகடை உருட்டுவது போல் முடிவு செய்கிறது. பிறகு அடுத்த துகள். இப்படி இலட்சக்கணக்கில், கோடிக்கணக்கில். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்தில் 1960-களில் வேர்கொண்ட ஃப்ளூக்கா, அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் உருவான எம்சிஎன்பி, பன்னாட்டுக் கூட்டு முயற்சியான ஜியான்ட்4 ஆகியவை இவ்வகையில் பெரிதும் கையாளப்படுபவை.

ஒவ்வொரு துகளின் கதையையும் சேமித்து வைக்க இயலாது, தேவையும் இல்லை. எனவே, இடத்தைச் சிறுசிறு பெட்டிகளாகப் பகுத்து, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எவ்வளவு ஆற்றல் விழுந்தது என்று மட்டும் எண்ணிக்கொள்கிறார்கள். இப்பெட்டிகளின் தொகுதியைப் பதிவுக்கட்டம் என்று அழைப்போம். இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பதிவுக்கட்டம் ஒரு பொருள் அன்று. துகள்கள் அதை உணர்வதில்லை. சுவரைத் தவறாகச் சாய்த்து வரைந்தால் அது பக்கத்துச் சுவரோடு முட்டிக்கொள்ளும். மென்பொருளும் பெரும்பாலும் முறையிட்டு நின்றுவிடும். பதிவுக்கட்டத்தைத் தவறாகச் சாய்த்தால் எதனோடும் முட்டாது. எச்சரிக்கை எதுவும் வராது. கணக்கு முழுமையாக ஓடி முடிந்து, அழகான படமும் கிடைத்துவிடும்.

கட்டத்தை ஏன் சாய்க்க வேண்டும்? இயல்பாக அதன் பக்கங்கள் மூன்று அச்சுகளுக்கும் இணையாக அமைகின்றன. கட்டடங்களும் கருவிகளும் எப்போதும் அப்படி அமைவதில்லை. 2006 முதல் 2012 வரை, செர்னிலிருந்து இத்தாலியின் கிரான் சாஸ்ஸோ மலைக்கடியில் உள்ள ஆய்வகத்துக்கு நியூட்ரினோ கற்றை அனுப்பப்பட்டது. இடைத்தொலைவு 732 கி.மீ. பூமி உருண்டை ஆதலால், கற்றை புறப்படும்போதே தரைக்குள் சாய்வாக இறங்கியாக வேண்டும். அந்தச் சரிவு 5.6 விழுக்காடு, ஏறத்தாழ 3.2 பாகை. சுமார் ஒரு கிலோமீட்டர் நீளமும் 2.45 மீட்டர் விட்டமும் கொண்ட குழாய், அதைச் சூழ்ந்த கான்கிரீட், முடிவில் உள்ள தடுப்பு என அனைத்தும் அதே சரிவில் அமைந்தன. கதிர்வீச்சு எங்கே எவ்வளவு என்பது அங்கே ஏட்டுக்கணக்காக மட்டும் இருக்கவில்லை. 2007-இல் காற்றோட்ட அமைப்பின் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் கதிர்வீச்சால் தடுமாறிச் செயலிழந்ததால் கற்றையை நிறுத்த வேண்டியதாயிற்று. பிறகு கருவிகளை இடம் மாற்றி, தடுப்புச் சுவர்களையும் கூட்டிய பின்னரே பணி தொடர்ந்தது.

இத்தகைய இடத்தில் கிடைமட்டக் கட்டத்தைப் போட்டால், பல பெட்டிகள் பாதி கான்கிரீட்டிலும் பாதி காற்றிலுமாக அமையும். அவை காட்டும் சராசரி கான்கிரீட்டுக்கும் உரியதன்று, காற்றுக்கும் உரியதன்று. ஆகவே கட்டத்தையும் 3.2 பாகை சாய்க்க வேண்டும். மேலேயா, கீழேயா? எளிய கேள்விதான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இது அத்திட்டத்தில் நடந்த தவறு அன்று. அளவுகளை மட்டும் அங்கிருந்து கடன் வாங்குகிறேன். கற்றை 5.6 விழுக்காடு கீழே இறங்குகிறது. குறி மாறியதால் கட்டம் அதே அளவு மேலே ஏறுகிறது என்று கொள்வோம். ஒரு கிலோமீட்டர் தொலைவில் கற்றை 56 மீட்டர் கீழேயும், கட்டத்தின் நடுக்கோடு 56 மீட்டர் மேலேயும் இருக்கும். இடைவெளி 112 மீட்டர். கட்டத்தில் வெறுமைதான் தெரியும். யாரும் ஏமாற மாட்டார்கள். ஆனால், புறப்படும் இடத்திலிருந்து 10 மீட்டரில் இடைவெளி 1.12 மீட்டர், ஒரு மீட்டரில் வெறும் 11 செ.மீ. அங்கே சிதறிய துகள்கள் நாற்புறமும் பரவியிருப்பதால் கட்டம் நிறைய எண்கள் இருக்கும். சிவப்பும் இருக்கும், நீலமும் இருக்கும். படம் 'சரியாகவே' தோன்றும். ஆனால், சுவரின் உட்புறத்துக்கு உரிய எண் வெளிப்புறத்தின் பெயரில் பதிவாகியிருக்கும். பெரிய பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடுகிறது. சிறிய கோணத்தின் பிழைதான் நம்மை ஏமாற்றுகிறது.

குறி ஏன் மாறுகிறது? பயன்படுத்துவோரின் கவனக்குறைவு என்று சொல்லிவிடுவது எளிது. காரணம் அதைவிட ஆழமானது. 'கட்டத்தைச் சாய்' என்று நாம் சொல்வதாக எண்ணிக்கொள்கிறோம். மென்பொருள் கட்டத்தைத் தொடுவதே இல்லை. நேரான கட்டத்தில் ஒரு புள்ளி எந்தப் பெட்டிக்குள் விழுகிறது என்பதை ஒரு கழித்தலாலும் வகுத்தலாலும் அறிந்துவிடலாம். சாய்ந்த பெட்டிகளில் தேடுவது அத்தனை எளிதன்று. ஆகவே, கட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டு, துகளின் இருப்பிடத்தை எடுத்துச் சுழற்றி, கட்டத்தின் மொழிக்கு மாற்றி, பிறகு பெட்டியைக் கண்டறிகிறது. ஃப்ளூக்காவின் முறை இதுவே. உலகில் உள்ள கட்டம் 30 பாகை இடஞ்சுழியாகத் திரும்பியிருக்க வேண்டுமானால், துகளை 30 பாகை வலஞ்சுழியாகத் திருப்பச் சொல்ல வேண்டும். தலையை வலப்பக்கம் திருப்பினால் எதிரே உள்ள காட்சி இடப்பக்கம் நகர்வது போன்றது இது. இரண்டும் ஒரே நிகழ்வு. எதை நிலையாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்துச் சொல்லும் சொல் நேர்மாறாகிறது.

சுழற்சியோடு இடப்பெயர்ச்சியும் சேர்ந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். பத்தடி நடந்து வலப்புறம் திரும்புவதும், வலப்புறம் திரும்பிப் பத்தடி நடப்பதும் ஒரே இடத்தில் கொண்டு சேர்ப்பதில்லை. (10, 0) என்ற புள்ளியை முதலில் 90 பாகை இடஞ்சுழியாகச் சுழற்றிப் பிறகு 5 அலகு வலப்புறம் நகர்த்தினால் (5, 10) கிடைக்கும். முதலில் நகர்த்திப் பிறகு சுழற்றினால் (0, 15). எந்த வரிசையை மென்பொருள் பின்பற்றுகிறது என்பதைக் கையேட்டில் பார்த்தே அறிய வேண்டும்; ஊகிக்கக் கூடாது. எம்சிஎன்பி-யில் உருமாற்றத்தைக் குறிக்கும் வரியின் 13-ஆவது எண் 1 ஆக இருந்தால் இடப்பெயர்ச்சிக்கு ஒரு பொருள். -1 ஆக இருந்தால் மறு பொருள். அதே வரியின் தொடக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி இருந்தால் பின்வருபவை கோணங்கள், பாகையில். இல்லாவிட்டால் அவை கோணங்களின் கொசைன் மதிப்புகள். ஓர் எண், ஒரு நட்சத்திரம். இன்றும் இந்த வரிகளை 'அட்டை' என்றே அழைக்கிறார்கள். துளையிட்ட அட்டைகளைக் கணினிக்கு ஊட்டிய காலத்தின் எச்சம் அது. அட்டைகள் மறைந்து பல ஆண்டுகள் ஆகியும் அவற்றின் சிக்கனம் மட்டும் மறையவில்லை.

இவற்றையெல்லாம் சரியாகச் செய்த பிறகும் ஒரு பொறி காத்திருக்கிறது. முடிவுகள் கட்டத்தின் சொந்த அச்சுகளில் சேமிக்கப்படுகின்றன. படம் வரையும் கருவிக்கு, கட்டம் சாய்க்கப்பட்டது என்ற செய்தி தனியே சொல்லப்படாவிட்டால், அது எண்களை நேராக வரைந்து கட்டட வரைபடத்தின் மீது ஒட்டிவிடும். கணக்கு சரி, படம் தவறு. இதைக் கண்டவர் என்ன செய்கிறார்? படம் பொருந்தும்வரை கணக்கில் உள்ள கோணத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறார். இறுதியில் படம் பொருந்திவிடுகிறது, கணக்கு கெட்டுவிடுகிறது. பிழை திருத்தப் புகுந்தவர் பிழையை உண்டாக்கிவிட்டு நிம்மதியாக உறங்கச் செல்லும் இடம் இது.

ஆனால், என்னை மிகவும் உறுத்துவது இவை எவையும் அல்ல. இம்மென்பொருள்கள் ஒவ்வொரு பெட்டியின் எண்ணோடும் ஒரு விழுக்காட்டுப் பிழையளவையும் தருகின்றன. அது புள்ளியியல் பிழை. எத்தனை முறை பகடை உருட்டினோம் என்பதை மட்டும் பொறுத்தது. துகள்களின் எண்ணிக்கையை நான்கு மடங்காக்கினால் அது பாதியாகும். நூறு மடங்காக்கினால் பத்தில் ஒன்றாகும். சில நாள்கள் கணினியை ஓடவிட்டால் ஒரு விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். அறிக்கையில் அதைக் காண்பவர், 'இந்த முடிவு ஒரு விழுக்காடு துல்லியமானது' என்று படிக்கிறார். உண்மையில் அது சொல்வது, 'இந்தப் பெட்டியில் நான் எண்ணியதைச் சரியாக எண்ணினேன்' என்பதை மட்டுமே. பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் இருந்ததா என்பதைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. தவறான இடத்தில் கோடி முறை அளந்தால், தவறான இடத்தைப் பற்றிய துல்லியமான எண் கிடைக்கும், அவ்வளவே.

இதை நான் பட்டே கற்றேன். என்னிடம் ஆய்வு செய்த மாணவர் ஒருவர், மாவட்டவாரியான அட்டவணையில் ஒரு நிரலை மட்டும் அகர வரிசைப்படி அடுக்கிவிட்டார். மற்ற நிரல்கள் பழைய வரிசையிலேயே நின்றன. ஒரு மாவட்டத்தின் வருவாய்க்கு எதிரே வேறொரு மாவட்டத்தின் எழுத்தறிவு. கணினி தயங்காமல் கணக்கிட்டு, இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்று திட்டப்பிழையுடன் சொன்னது. நாங்கள் இருவரும் அமர்ந்து, ஏன் தொடர்பு இல்லாமல் போயிற்று என்று இரண்டு பக்கங்களுக்குக் காரணங்களும் எழுதினோம். அவை நல்ல காரணங்கள். இன்று படித்தாலும் நம்பத் தோன்றும். தற்செயலாக ஒரு மாவட்டத்தின் எண் நினைவில் இருந்ததால் தப்பித்தோம்.

எல்லோருக்கும் அந்த நல்வாய்ப்பு அமைவதில்லை. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி சாங் என்ற அறிவியலாளர், உயிரணுச் சவ்வில் உள்ள ஒரு புரதத்தின் முப்பரிமாண அமைப்பை 2001-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்டார். பின்னர் அதே வழியில் மேலும் சில கட்டுரைகள் வந்தன. அவருடைய ஆய்வகம் பயன்படுத்திய சிறு நிரல் ஒன்று, தரவின் இரண்டு நிரல்களை இடம் மாற்றிவிட்டது. அதனால் வலக்கை இடக்கையாவது போல் அமைப்பு தலைகீழாகிவிட்டது. சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு புரதத்தின் அமைப்பை 2006-இல் வெளியிட்டபோதுதான் முரண்பாடு வெளிப்பட்டது. சாங் தாமே பிழையைக் கண்டறிந்து அறிவித்து, ஐந்து கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் பிறர் பலர் அக்கட்டுரைகளை மேற்கோள் காட்டியிருந்தனர். துகள் சிமுலேஷனில் கட்டம் திசை தவறுவதும் இதே இனத்தைச் சேர்ந்த பிழை. மென்பொருளுக்குள் ஓர் அடையாளமும் விட்டுச் செல்லாத பிழை.

அப்படியானால் கண்டுபிடிப்பது எவ்வாறு? விடை ஏற்கெனவே தெரிந்த கேள்வியைக் கேட்டுத்தான். அனுபவமுள்ளோர் செய்வது இது. பொருள்கள் அனைத்தையும் நீக்கி, எங்கும் வெற்றிடமாக்கிவிடுகிறார்கள். கட்டம் எந்த அச்சில் படிய வேண்டுமோ அந்தக் கோட்டில் மயிரிழை போன்ற மெல்லிய கற்றையைச் செலுத்துகிறார்கள். வெற்றிடத்தில் ஆற்றல் இழப்பு இராது என்பதால், துகள் கடந்த பாதையின் நீளத்தைப் பதிகிறார்கள். கட்டம் சரியாக இருந்தால் நடுவரிசைப் பெட்டிகள் மட்டும் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஒளிரும். வேறு எந்தப் பெட்டி ஒளிர்ந்தாலும் தவறு. சில நூறு துகள்கள் போதும். சில நொடிகளில் முடிந்துவிடும்.

இதுவும் போதாது என்பேன். ஒற்றைக் கோடு தன்னைச் சுற்றித் திரும்பினாலும் கோடாகவே தெரியும். ஆகவே, சமச்சீர் இல்லாத ஒன்றை வைத்துப் பார்க்க வேண்டும். நம் 'ட' எழுத்து இதற்கு மிகவும் பொருத்தமானது. ஒரு கை நீண்டும் ஒரு கை குறுகியும் உள்ள 'ட' வடிவில் சில கட்டைகளை அடுக்கி, அவற்றில் விழும் ஆற்றலைப் பதிந்தால், படத்தில் 'ட' எந்தப் பக்கம் பார்க்கிறது என்பது உடனே தெரிந்துவிடும். திரும்பியிருந்தாலும் தெரியும், கண்ணாடியில் காண்பது போல் இடவலம் மாறியிருந்தாலும் தெரியும். உருளையையும் கோளத்தையும் வைத்துச் சோதித்துவிட்டு 'சரிபார்த்தாயிற்று' என்போர் எதையும் சரிபார்க்கவில்லை.

கூட்டுத்தொகையையும் ஒப்பிடலாம். சுழற்சி பெட்டிகளின் கன அளவை மாற்றுவதில்லை. எனவே, ஒரு கட்டையை முழுமையாக உள்ளடக்கும் நேரான கட்டமும் சாய்ந்த கட்டமும், பெட்டிகள் தோறும் எண் மாறினாலும், மொத்த ஆற்றலில் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் கட்டத்தின் ஒரு பகுதி எங்கோ விலகி நிற்கிறது. ஒத்துப்போனால் திசை சரி என்று பொருளன்று. இந்தச் சோதனை இடம் விலகியதைப் பிடிக்கும், தலைகீழானதைப் பிடிக்காது. சுழற்சியைத் தனியாகவும் இடப்பெயர்ச்சியைத் தனியாகவும் சோதித்த பிறகே சேர்க்க வேண்டும் என்பதும், 3 பாகையில் தொடங்காமல் கண்ணுக்குத் தப்பாத 30 பாகையில் தொடங்க வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும்.

கூடுமானவரை சாய்க்காமல் இருப்பதே மேல் என்ற கட்சியும் உண்டு. கற்றையையே அச்சாக வைத்துக்கொண்டு பூமியைச் சாய்த்துவிடுவது! அதிவேகத் துகளுக்கு மேல் எது, கீழ் எது என்ற கவலை இல்லை. புவியீர்ப்பு அதன் பாதையை இங்கே பொருட்படுத்தத்தக்க அளவு மாற்றுவதில்லை. ஒரே ஒரு சாய்ந்த பொருள் இருக்கும்போது இந்த வழி சிறந்தது. பல திசைகளில் கற்றைகள் வரும்போது இது உதவாது.

பல திசைக் கற்றைகளுக்குத் தொலைவில் செல்ல வேண்டியதில்லை. சென்னை தரமணியில் 2019 முதல் புரோட்டான் சிகிச்சை மையம் இயங்குகிறது. இத்தகைய மையங்களில் நோயாளி படுத்திருக்க, கற்றையைச் செலுத்தும் கேன்ட்ரி என்னும் மாபெரும் எஃகுச் சட்டம் அவரைச் சுற்றித் திரும்புகிறது. புரோட்டானின் சிறப்பு, அது குறிப்பிட்ட ஆழத்தில் ஆற்றலைக் கொட்டிவிட்டு நின்றுவிடுவது. 150 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடைய புரோட்டான் தண்ணீரில் ஏறத்தாழ 16 செ.மீ. சென்று நிற்கும். அதன் சிறப்பே அதன் அபாயமும் ஆகும். நிற்கும் இடம் தவறினால் கட்டி தப்பிவிடும், நலமான திசு அடிபடும். சி.டி. படங்களின் மருத்துவத் தரநிலையான டைகாம், நோயாளியின் இடப்புறம், முதுகுப்புறம், தலைப்புறம் ஆகிய மூன்றையும் முறையே மூன்று அச்சுகளின் நேர்த்திசைகளாகக் கொள்கிறது. கருவிகளுக்கான ஐஇசி 61217 தரநிலையோ, மூன்றாம் அச்சை அறையின் மேற்கூரை நோக்கி நிறுத்துகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது கால் வட்டச் சுழற்சி ஒன்று குறுக்கிடுகிறது. அதன் மேல் கேன்ட்ரியின் கோணம். ஆய்வுக்காகச் சிமுலேஷன் செய்யும் மாணவர் இதில் ஒரு குறியை மாற்றிப் போட்டால், 40 பாகையில் வர வேண்டிய கற்றை 320 பாகையில் வரும். மனிதத் தலை ஏறக்குறைய இடவலச் சமச்சீர் உடையது என்பதால், படம் அப்போதும் நம்பும்படியாகவே இருக்கும்.

இதனால் மருத்துவமனைக்குச் செல்வோர் அஞ்ச வேண்டியதில்லை. சிகிச்சைத் திட்டம் கணினியின் சொல்லை மட்டும் நம்பி நிறைவேற்றப்படுவதில்லை. மாதிரி உடலிலும் தண்ணீர்த் தொட்டியிலும் அளந்து பார்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் நோயாளியின் நிலையைப் படமெடுத்துச் சரிபார்க்கிறார்கள். அளவுகோல் குறுக்கே நிற்கும் இடத்தில் இப்பிழை நெடுநாள் வாழாது. அது வாழும் இடம், அளந்து பார்ப்பதற்கு இன்னும் எதுவும் கட்டப்படாத வடிவமைப்பு மேசைதான்.

நம் நாட்டில் கதிர்வீச்சுக் கூடம் கட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் ஒப்புதல் தேவை. எளிய கூடங்களுக்கு வாய்பாடுகளே போதும். சிக்கலான அமைப்புகளுக்குச் சிமுலேஷன் முடிவுகள் துணையாக வரும். அத்தகைய அறிக்கைகளிலும், பல்கலைக்கழக ஆய்வேடுகளிலும், வண்ணப்படத்துக்கு முந்தைய பக்கத்தில் அந்த மெல்லிய கற்றையின் படமும் 'ட' வடிவத்தின் படமும் இடம்பெற வேண்டும் என்பது என் கருத்து. கோணம், அதன் குறி, சுழற்சி–நகர்வு வரிசை, படம் வரைந்த கருவிக்குத் தரப்பட்ட உருமாற்றம் ஆகிய நான்கையும் அதன் கீழே எழுதிவிடலாம். ஆய்வேட்டைத் தேர்வு செய்பவர் முதலில் அந்தப் பக்கத்தைத் திறந்து, 'ட' எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்கட்டும். அதற்கு மாணவர் தயங்காமல் விடை சொன்னால், பிழை விழுக்காட்டைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.